பெரியப்பாவின் வாங்கும் சாக்குருவியும்

இந்த நினைவு மலரில் என் பக்கத்துக்கு முன்னும் பின்னும் எழுதியவர்கள் பெரியப்பாவை ஆலமரம் என்றும் கலங்கரை விளக்கம் என்றும் எழுதியிருப்பார்கள். எழுதட்டும். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டுப் பார்சலோடு இப்படி ஒரு புத்தகத்தையும் கையில் தந்து அனுப்புவதுதானே எங்கள் ஆக்களின் வழக்கம். லண்டன் குட்மேய்ஸில் பெரியப்பா வீட்டிலும் அந்தத் தோட்டத்திலும் என்னோடு ஓடித் திரிந்த அவருடைய மருமக்கள், பெறாமக்கள் எல்லாருக்கும், இப்போது முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு ஹோலின் பின்வரிசையில் இருக்கப்போகிற என் வயதுக்காரருக்கு, நான் வேறு ஒன்று எழுதுகிறேன். என் அம்மாவின் பெயரில் பெரியப்பா பூசிய கரியை அவருடைய புத்தகத்திலேயே துடைக்கவேண்டும். இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது.

எழுதச் சொல்லிக் கேட்டது பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா. போன் எடுத்துத்தான் கேட்டாள்.

"நீதானே வடிவா தமிழ் எழுதுவாய். அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தா. சின்ன வயசு நினைவு ஏதாவது. ஸ்வீட்டா இருக்கோணும்."

"ஓம் அக்கா, எழுதுறன்."

"இன்னொண்டு. அப்பான்ர பேரில ஒரு வாங்கு போடோணும். வெள்ளைக்காரர் பார்க்குகளில போடுறவையெல்லே, இருக்கிறதுக்கு, பேர் வெட்டின தகட்டோட. அவருக்கு அந்தத் தோட்டமெண்டால் உயிர். அங்க போட ஏலுமோ எண்டு கேட்டுப் பார்."

"வாங்கு என்ர பொறுப்பு. நீ யோசிக்காதை."

அக்காவுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. நான் அனுப்பியதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன், அதை மறைக்கவில்லை.

சரி, அந்தக் கோடைக்கு வருவோம். நாங்கள் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து பெரியப்பா வீட்டு மேல் அறையில் ஒதுங்கிய வருடம் அது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து, குட்மேய்ஸைத் தாண்டி, எசெக்ஸ் பக்கம், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் துண்டுக் காணியொன்றைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பூசணி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் கத்தரியும் வெண்டியும். டூட்டிங்கிலும் கிங்ஸ்பரியிலும் இருந்த எங்கள் ஆக்களின் கடைகளுக்கு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூட லீவு விட்டதும் எங்களையெல்லாம் கொண்டுபோய் அங்கே நின்ற, சக்கரம் வைத்த பழைய கரவன் வீட்டில் இறக்கிவிட்டார்கள். எங்களைப் பார்க்கிறதும் சமைக்கிறதும் களை பிடுங்குகிறதும் என் அம்மாவின் வேலை. பெரியப்பாவின் வேலை கட்டளை போடுவது.

அந்தக் கொட்டகை உங்களுக்கு மறந்திராது. கறுப்புத் தார் பூசிய பலகைச் சுவர், உள்ளே டீசலும் பழைய வைக்கோலும் வெங்காயச் சருகும் சேர்ந்த மணம். என் ஜாக்கெட்டில் அந்த மணம் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து, வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்தினாள். முகட்டுக்குக் கீழே, ஏணி வைத்தால் மட்டும் எட்டக்கூடிய உயரத்தில், ஒரு சதுர ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்குப் பின்னால் யாரோ குறட்டை விடுகிறார்கள் என்று முதலில் சொன்னது அக்காதான். நாங்கள் பயந்து கரவனுக்கு ஓடினோம். அம்மா கைவேலையை வைத்துவிட்டு வந்து காது கொடுத்துக் கேட்டார், பிறகு சிரித்தார்.

"ஆந்தைக் குஞ்சு. பசிக்குதெண்டு கேக்குது."

எங்கள் பெரியவர்கள் அந்தப் பறவைக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். சாக்குருவி. அது கத்தினால் அந்த வீட்டில் சாவு விழும் என்பார்கள். பெரியப்பாவும் அப்பாவும் யாழ்ப்பாணம் டவுனில் வளர்ந்தவர்கள். அம்மா மன்னார்ப் பக்கம், வயல்காரக் குடும்பம். அங்கே நெல்லுக்குள் எலி கூடினால் தென்னை மட்டையைத் தலைகீழாக வயலில் நட்டு வைப்பார்களாம், ஆந்தை வந்து அதில் குந்தி எலி பிடிக்கட்டும் என்று. எசெக்ஸில் தென்னை மட்டைக்கு எங்கே போவது. அம்மா கழித்துவிட்ட பலகைத் துண்டுகளை எடுத்து, குறுக்குக்கட்டை அடித்து, உருளைக்கிழங்குப் பாத்தி நெடுக நட்டு வைத்தார். தூரத்தில் இருந்து பார்த்தால் சிலுவைகள் நிற்பதுபோல இருந்தது. பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "இதென்ன, சவக்காலையோ?" என்று பகிடி விட்டுவிட்டுப் போனார். பிடுங்கச் சொல்லவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுதுபடும் நேரத்தில், வெளிச்சம் இன்னும் போகாமல் இருக்கும்போதே, அந்தத் தாய்ப் பறவை சத்தமே இல்லாமல் வெளியே வரும். வெள்ளை முகம், மாவு பூசின மாதிரி. பாத்தியின் மேல் தாழப் பறந்து, குறுக்குக்கட்டையில் இருந்து, சட்டென்று விழுந்து எழும்பும்போது காலில் ஒரு எலி இருக்கும். பகலில் சின்ன வல்லூறு ஒன்று ரோட்டோரப் புல்லின் மேல் காற்றில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும். அதுவும் எலிக்குத்தான். பகல் ஷிப்டுக்கு ஒன்று, பின்னேர ஷிப்டுக்கு ஒன்று என்று அப்பா சொல்லுவார். நாங்கள் வந்த புதிதில் அந்தக் கொட்டகையில் எலிப் புழுக்கை காலில் மிதிபடும், உருளைக்கிழங்குச் சாக்கெல்லாம் ஓட்டை. ஆவணி மாதமளவில் புழுக்கையைத் தேடினாலும் காணவில்லை. வாங்கி வைத்த நீல நிற எலி நஞ்சைச் சின்னப் பிள்ளைகள் திரிகிற இடம் என்று அம்மா வானில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். டூட்டிங் கடைக்காரரிடம் பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? "எங்கட சாமானில ஒரு எலிக்கடி காட்டுங்கோ பாப்பம். எல்லாம் பராமரிப்பு." நான் வானுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ அவரே போய்ப் பாத்திக்குள் பதுங்கிக் கிடந்து எலி பிடித்த மாதிரி.

ஆந்தை எலியை முழுசாக விழுங்கிவிட்டு மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். ஓட்டைக்குக் கீழே அந்தக் கறுப்பு உருண்டைகள் விழுந்து கிடக்கும், காய்ந்தால் மணம் இல்லை. அக்கா பெரியம்மாவின் புருவம் பிடுங்குகிற இடுக்கியைக் களவாக எடுத்து வந்தாள். நாங்கள் உருண்டைகளைப் பிரித்து, தாடை எலும்பு, மண்டையோடு, நெல்லுமணியை விடச் சின்னப் பற்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கழுவி, ஒரு நீல பிஸ்கட் டின்னுக்குள் பஞ்சு விரித்து அடுக்கி வைத்தோம். எல்லா வீட்டிலும் ஊசி நூல் போட்டு வைக்கிற அதே டின். எனக்கு அந்த வயதில் அதைவிடப் பெரிய சொத்து இருக்கவில்லை. அப்போது ஆங்கிலம் சரியாக வராத எனக்கும் தமிழ் சரியாக வராத அக்காவுக்கும் அந்த டின்தான் பாஷை.

டின்னோடு நாங்கள் வைக்கோல் கட்டுகளின் மேல் படுத்திருந்த ஒரு பின்னேரம், அப்பாவும் பெரியப்பாவும் கீழே வந்து நின்று கதைத்தார்கள். அவர்களின் கடைசித் தம்பி, எங்கள் சித்தப்பா, அப்போது மன்னாரில் தனியாக இருந்தார். அவரைப் போருக்குள்ளிருந்து வெளிநாட்டுக்கு எடுக்கிற அலுவலைப் பார்ப்பதாகப் பெரியப்பா சொல்லியிருந்தார்.

அப்பா மெல்லக் கேட்டார். "அண்ணை, தம்பியின்ர அலுவலை இனிப் பாருங்கோவன். அங்க நிலைமை சரியில்லையாம். இருக்க ஏலாதாம் எண்டு எழுதியிருக்கிறான்."

"இந்தப் பூசணி இறங்கட்டும். நான் இப்ப அதுக்கு அலைய வெளிக்கிட்டால் தோட்டத்தை ஆர் பாக்கிறது? நீயே?"

"அவன் பயப்பிடுறான் அண்ணை."

"ரெண்டு மாசம் பொறுத்தால் செத்தே போவான்?"

அப்பா குனிந்து ஒரு வெங்காயச் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்தார். அண்ணை சொன்னால் அவருக்கு அதோடு கதை முடிந்தது. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். எங்களுக்கு அந்தப் பேச்சின் பாரம் விளங்கவில்லை. பெரியப்பா கத்துகிறார் என்ற பயம் மட்டும்தான். இப்போது நினைக்கிறேன், எங்கள் குடும்பத்தின் சாவைச் சொன்ன குரல் அதுதான்.

சித்தப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, தானாகவே இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார். வள்ளம் கவிழ்ந்தது. உடம்பு கரை சேரவில்லை. குட்மேய்ஸ் வீட்டுக்குத்தான் செய்தி வந்தது, அங்கிருந்து வான் நிறையச் சனம் அழுதுகொண்டு தோட்டத்துக்கு வந்தது. நீங்கள் பலபேர் அந்த வானில் வந்தீர்கள். பெரியப்பா கொட்டகை வாசலில் குந்தியிருந்து தலையில் அடித்து அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். அழுதுகொண்டிருந்தவர் தலையைத் தூக்கி முகட்டைப் பார்த்தார்.

"நேற்றும் கத்தினது. முந்தநாளும் கத்தினது. சாக்குருவி. என்ர தம்பியைக் கொண்டுபோட்டுது."

பிறகு கையை நீட்டி அம்மாவைக் காட்டினார்.

"இவள்தான் கம்பு நட்டு வரவழைச்சவள். சாக்குருவி வளத்தவள்."

அவ்வளவு சனத்துக்கு முன்னால். அம்மா அப்போதும் சித்தப்பாவுக்காக அழுதுகொண்டிருந்தார், சொன்னது தன்னைத்தான் என்று விளங்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்பா நிலத்தைப் பார்த்தார். ஒருவராவது, "என்ன கதை கதைக்கிறியள்" என்று கேட்டிருக்கலாம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற, செபமாலை சொல்லாமல் படுக்காத ஆக்கள் அத்தனை பேரும் ஒரு பறவையைப் பிசாசாக நம்பிக்கொண்டு நின்றார்கள்.

சித்தப்பாவுக்கான இரங்கல் பூசை முடிந்து வந்த அன்றே பெரியப்பா ஏணி வைத்து ஏறி, அந்த ஓட்டையின் மேல் பலகை வைத்து ஆணி அடித்தார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டைக்கூட மாற்றவில்லை. அம்மா கீழே நின்று பெரியப்பாவிடம் கெஞ்சினார்.

"அத்தான், குஞ்சு கிடக்குது உள்ளுக்கு."

"கிடந்து சாகட்டும்."

கொட்டகைக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார். காணிக்காரி, அந்த வெள்ளைக்காரப் பெண், மகளைப் பார்க்க ஸ்கொட்லாந்துக்குப் போயிருந்தார், இல்லாவிட்டால் அவர் விட்டிருக்கமாட்டார். அன்று பின்னேரம் தாய்ப் பறவை காலில் எலியோடு வந்து பலகையில் மோதியது. சுற்றிப் போய்த் திரும்பவும் மோதியது. உள்ளே குறட்டைச் சத்தம். விடிந்ததும் அம்மா யாருக்கும் சொல்லாமல் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். ஈரப் புல்லில் ஏணி வழுக்கியது. வலது மணிக்கட்டை ஊன்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் மா போட்டுக் கட்டினார்கள், ஆனால் அந்தக் கை பிறகு ஒருநாளும் நேராகவில்லை. உங்களுக்குக் கோப்பி தரும்போது கோப்பையை இடது கையால் நீட்டுவாரே, பழக்கம் தெரியாத ஆள் என்று உங்கள் வீடுகளில் பகிடி பண்ணுவீர்களே, அது இதனால்தான்.

"பாத்தியளே, சாக்குருவி தன்ர வேலையைக் காட்டிப்போட்டுது" என்றார் பெரியப்பா. ஏணியை அப்பாவைக் கொண்டே வானில் ஏற்றிக் குட்மேய்ஸுக்கு அனுப்பினார். நானும் அக்காவும் கொட்டகைச் சுவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். சத்தம் மெலிந்துகொண்டு வந்தது, பிறகு கேட்கவில்லை. எங்கள் டின்னைப் பெரியப்பா களை எரிக்கிற நெருப்புக்குள் எறிந்தார். அக்கா அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அந்த ஆளின் மேல் வந்த கோபம் இன்றைக்கும் சூடு ஆறாமல் அப்படியே இருக்கிறது, ஆறவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

பிறகு நடந்ததை நான் ருசித்துச் சொல்லப்போகிறேன், பொறுங்கள்.

இரை கொண்டுவந்து கொடுக்கக் குஞ்சு இல்லாமல் போக, தாய்ப் பறவை போய்விட்டது. ஐப்பசிக் குளிர் தொடங்க, சுற்றுவட்டார வயல் எலியெல்லாம் எங்கள் கொட்டகைக்குக் குடி வந்தன. பெரியப்பா நீல நஞ்சைத் திரும்ப வாங்கி மூலை மூலையாகப் போட்டார். நஞ்சு தின்ற எலி உடனே சாகாது, மயங்கி வெளியில் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்ற வல்லூறு ரோட்டோரம் செத்துக் கிடந்ததை நாங்கள் கண்டோம். இறகு அழியாமல், கண் மட்டும் சுருங்கி. அதோடு பகல் ஷிப்டும் முடிந்தது. நஞ்சுக்குத் தப்பிய எலிகளைப் பிடிக்க இனி ஒருவரும் இல்லை. அவை தண்ணீர்க் குழாயைக் கடித்தன, பிளாஸ்டிக் கூடாரத்தை அடியில் அரித்தன, உருளைக்கிழங்கைத் தின்று தீர்த்தன. தம்பியை விடப் பெரிதாகப் பெரியப்பா நினைத்த பூசணி மட்டும் வரிசையாக, வெளியில் பார்க்க வடிவாக இருந்தது.

அதில் நல்லதாகத் தெரிந்தவற்றை ஏற்றிக்கொண்டு டூட்டிங்குக்குப் போனோம். சனிக்கிழமை, கடை நிறைய ஆக்கள். பெரியப்பா ஒரு பெரிய பூசணியை இரண்டு கையாலும் தூக்கி, "பாருங்கோ சாமானை" என்றார். தூக்கின வேகத்தில் அது பாரமில்லாமல் மேலே எழும்பியது. அடியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையால் ஒரு கொழுத்த எலி வெளியே வந்து, பெரியப்பாவின் கையில் ஏறி, கோட்டுக் கைக்குள் புகுந்தது. அந்த ஆலமரம் அன்று கடை நடுவில் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கோட்டைக் கழற்றி, சேட்டைக் கழற்றி, பெனியனோடு அரிசி மூட்டைகளுக்கு மேல் ஏறி நின்றார். சின்னப் பிள்ளை நான், வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு அடி விழுந்தது. அந்த அடி எனக்கு இனித்தது. கடைக்காரர் அதன் பிறகு எங்கள் சாமானை எடுக்கவில்லை. காணிக்காரி திரும்பி வந்து, பலகையைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, குத்தகையை முடித்துக்கொண்டார்.

அதோடு தீர்ந்திருந்தால் நானும் இதை எழுதியிருக்கமாட்டேன். ஆனால் பெரியப்பாவுக்குத் தன் தம்பியின் சாவைச் சுமக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆயுள் முழுக்க அதை அம்மாவின் தலையில்தான் வைத்திருந்தார். பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில், "நீ தொட்டிக்குக் கிட்ட வராதை" என்பார். அக்காவின் கலியாணத்தில் அம்மா குசினிக்குள் அடுப்போடு நின்றார். என்னுடைய கலியாணத்திலும், பெற்ற தாய், என் தாலிக்கு முன்னுக்கு வரவேண்டாம் என்று ஹோலின் பின் கதவோடு நிறுத்தப்பட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கோணல் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன மாதம் பெரியப்பாவின் சவப்பெட்டிக்குக் கிட்டப் போகவும் யாரோ அவரை மறித்தார்கள். மறித்தது யார் என்று எனக்குத் தெரியும், அவரும் இதை வாசிக்கிறார்.

அக்கா, நீயும் அன்றைக்கு அந்த வைக்கோல் மேல் என்னோடு படுத்திருந்தாய். "ரெண்டு மாசம் பொறுத்தால் செத்தே போவான்?" என்று உன் அப்பா சொன்னதை நீயும் கேட்டாய். பக்கத்தில் இருக்கிற யாராவது இப்போது உனக்கு இதை வாசித்துக் காட்டுவார்கள். இல்லை என்று சொல்ல ஏலுமென்றால் எழும்பிச் சொல்லு.

இனி வாங்கு. அந்தக் காணியை இப்போது காணிக்காரியின் மகள் பார்க்கிறார். வாங்கு போட இடமில்லை, டிராக்டர் போகிற வழி என்றார். ஆனால் பழைய கொட்டகை நின்ற இடத்தில் ஒரு உயரமான கம்பம் நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு மரப்பெட்டி, ஆந்தைக்கென்றே அவர் வைத்தது. ஒரு சோடி குடியிருக்கிறது. தான் எலி நஞ்சு வாங்குவதே இல்லை என்றார். கம்பத்தின் அடியில் பெயர்த் தகடு அடிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். போன கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அடித்துவிட்டு வந்தேன். பெரியப்பாவின் முழுப்பெயர், பிறப்பு, இறப்பு, கீழே "அவர் உயிராய் நேசித்த இடம்". இடது கையால் ஒவ்வொரு ஆணியாக எடுத்துத் தந்தது அம்மா.

நாங்கள் சாமானை அடுக்கிக்கொண்டிருக்க, நாலரை மணிக் குளிரில், பெட்டிக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. அதே வெள்ளை முகம். எங்கள் தலைக்கு மேலால் ஒருமுறை சுற்றிவிட்டு, சீலை கிழிகிற மாதிரிக் கத்தியது. அம்மா தகட்டைத் தட்டினார், கதவைத் தட்டுகிற மாதிரி.

"கேக்குதே அத்தான்? இனி ஒவ்வொரு நாளும் கத்தும்."

பூசை முடிந்ததும் வாங்கு திறப்பதற்காக வான்கள் உங்களைத் தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு வரும். இறங்கி, வாங்கு எங்கே என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள், நிமிர்ந்து பாருங்கள். தகட்டை ஒரு வெள்ளைத் துணியால் மூடி வைத்திருக்கிறேன். அதை இழுக்கப்போவது அம்மா. எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பார். வழி விடுங்கள்.